பச்சை குத்திய மனு

"ஏன் வாத்தியாரம்மா, ஒங்க புள்ளைக்கு மீசை மொளச்சா அவனையும் கூப்பிட்டு விரலை உருட்டுவாகளா?"

சென்ற சித்திரையில் ஒரு காலை, எங்கள் வீட்டு வாசலில் தயிர்ப்பானையை இறக்கி வைத்தபடி ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். என் இடுப்பில் பத்து மாதக் குழந்தை இருந்தான். அவர் கேள்வியில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் இல்லை என்று அடுத்துக் கேட்பாரே என்று நிறுத்திக்கொண்டேன்.

நான் மதுரை நகரத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். என் கணவர் ஜில்லா போர்டு பள்ளிக்கூட ஆசிரியர். அவருக்கு உசிலம்பட்டிப் பக்கம் மாற்றலானதால் இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே வந்தோம். மழையை நம்பிய நிலம். கம்பும் சோளமும் விளையும், பெய்தால். பெய்யாத வருடம் மாடுகள்தான் குடும்பத்தைக் காப்பாற்றும். பால், தயிர் விற்கும் பெண்கள் விடிந்ததும் சுற்றுப்பட்டிகளிலிருந்து நடந்து வருவார்கள். அப்படி வருகிறவர்களில் ஒருவர்தான் இந்த அக்கா.

இங்கே ரேகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நகரத்தில் வளர்ந்த நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு கூட்டத்தில் பிறந்த ஆண்கள், களவு செய்தாலும் செய்யாவிட்டாலும், வயது வந்தவுடன் காவல் நிலையத்துக்குப் போய்ப் பத்து விரல்களையும் மசியில் உருட்டிப் பதிந்துவிட்டு வர வேண்டும். பதிந்தபின் தினமும் பொழுது சாய்ந்ததும் நிலையத்தில் ஆஜராகி அங்கேயே படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் சீட்டு வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் போனாலும் சீட்டு, சாவுக்குப் போனாலும் சீட்டு. சாவுக்குச் சீட்டு கிடைப்பதற்குள் பிணம் எரிந்துவிடும் என்று இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் குடிவந்த புதிதில் பித்தளைப் பாத்திரங்களை உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார்கள் அண்டை வீட்டார். நானும் பூட்டினேன். இந்த அக்கா தயிர் ஊற்றிவிட்டுப் போனபின் செம்புகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் அப்படிச் செய்தேன் என்று இப்போது நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன். நாங்கள் வருவதற்கு முன்பே போர்டு பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தவன். திருமங்கலத்தில் ஒரு பஸ் பட்டறையில் அவனைத் தொழில் கற்க எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டே வேலை பாப்பாகளாம் தாயி. படுத்துக்கிட்டே சம்பளம்" என்று அந்த அக்கா பெருமையாகச் சொல்வார். ஆனால் அந்த வருடம் பதிய வேண்டிய பையன்களின் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது. விரலைப் பதிந்துவிட்டால் பொழுது சாயும்போது அவன் இங்கே நிலையத்தில் இருக்க வேண்டும். திருமங்கலத்தில் தங்க முடியாது. பட்டறை போய்விடும்.

"மனு எழுதிக் கொடுத்தால் என்ன?" என்றேன்.

இட்லிக்கு உளுந்து ஊறப்போடலாமா என்று கேட்பதைப் போல அதைச் சொன்னேன். எந்தக் குடியும் சர்க்காரிடம் மனுச் செய்யலாம் என்று ஏழாவதில் ஒரு பாடம் படித்திருந்தேன். பரீட்சையில் அதற்கு நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்தப் பாடம் என் வாய்வழியாக வந்தது, அவ்வளவுதான். மறுநாள் காலை அந்த அக்கா தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

நாத்தனார் உயரமாக, குரலில் வெண்கலம் அடிப்பவராக இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டுச் சின்னப் புள்ளையா மனு எழுதுது? நான் கண்ணாடி போட்ட அம்மான்னு நெனச்சேன்."

"எழுதும்கிறேன். நீ பேசாம இரு மதினி."

"எழுதட்டும், எழுதட்டும். ஊருக்குள்ள சொல்லியாச்சு தாயி. பட்டியல்ல பேரு வந்த புள்ளைகளோட ஆத்தாமாரு எல்லாரும் வாராக."

இந்த ஒரு வீட்டுக்கு ஒரு கடிதம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இனி மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. சொல்லியிருக்கலாமோ என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

மூன்று தடவை எழுதிக் கிழித்து, நான்காவது பிரதியை என் கணவரிடம் காட்டினேன். எங்கள் பிள்ளைகள் பேரில் இதுவரை ஒரு பிராதும் இல்லை, தாய்மார்களாகிய நாங்கள் அவர்களுக்குப் பொறுப்பு, அவர்கள் விரல்களைப் பதிய வேண்டாம் என்பதுதான் சாரம். அவர் படித்துவிட்டு, "'பணிவுடன்' என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறாய். ஒன்று போதும்" என்றார். பள்ளிக்கூடத்து மைப்பெட்டியைக் கேட்டேன். அது போர்டு சொத்து என்று தர மறுத்துவிட்டார். அதுவும் சரிதான்.

அதனால் நானே மசி செய்தேன். விளக்குப் புகையைப் பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து, மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் துணியை மடித்து ஊறவைத்தேன். பிள்ளைக்குக் கண்மை செய்வதும் இதே பக்குவம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரலை வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே நிம்மதி. என்ன செய்கிறேன் என்பது அப்போது எனக்குத் துளியும் உறைக்கவில்லை.

அவர்களுடைய பட்டி எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மைல். ஒரு நாள் மதியம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். களத்து வேப்பமரத்தடியில் நாற்பது பேருக்குக் குறையாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனுவை உரக்கப் படித்தேன். மிகவும் நிதானமாகக் கேட்டார்கள். 'பணிவுடன்' வந்த இடத்தில் மட்டும் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு பெயர்களை எழுத ஆரம்பித்தேன். புருஷன் பெயரைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடினார்கள்.

"புருசன் பேரு எங்க வாயில வராது தாயி. புள்ளை பேரைக் கேளு. புள்ளைக்காகத்தானே வந்திருக்கோம்."

அதுவும் நியாயமாகவே பட்டது. இன்னாருடைய தாய் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுதினேன். எழுதி முடித்துவிட்டு மசித் தகரத்தை எடுத்துத் திறந்து நடுவில் வைத்தேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். விரல் கறுப்பாகிவிடும் என்று தயங்குகிறார்கள் என்று நினைத்து, "சீயக்காய் போட்டால் போய்விடும், பயப்படாதீர்கள்" என்று சிரித்தபடி சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

நாத்தனார்தான் பேசினார். "ஆம்பளைக விரலையெல்லாம் வாரிக்கிட்டுப் போயாச்சு. பொம்பளைக விரலுதான் பாக்கி. அதை வாங்க டேசன்ல ஆளு பத்தலேன்னு வாத்தியாரம்மாவை அனுப்பியிருக்காக போல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. விரலைப் பதிய வேண்டாம் என்று கேட்கும் மனுவுக்கு அவர்கள் விரலைப் பதியச் சொல்லி, மசியும் குழைத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறேன். தகரத்தை மூடினேன். ஆனால் ஒரு அடையாளமும் இல்லாவிட்டால் மொட்டை மனு என்று கிழித்துப் போட்டுவிடுவார்களே என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பிள்ளையும் அழுதான்.

"அழாத தாயி. நீ அழுதா புள்ளைக்குப் பால் கட்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். கொஞ்சம் இறுக்கம் குறைந்தது.

நாத்தனார் தன் இடது முழங்கையை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்கையில் பச்சை குத்தியிருந்தது. கொடுக்கைத் தூக்கிய தேள். திடீரென்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தா, இதைப் போட்டாச் செல்லுமா?"

"எதை?"

"இந்தத் தேளை. எம்பேரு எழுதிருக்கியே, அதுக்குப் பக்கத்துல இதை வரைஞ்சுவிடுறேன். ஊருல கேளு, இது யாரு கைன்னு எல்லாருக்கும் தெரியும்."

தயிர்க்கார அக்கா, "ரேகைக்கும் இதுக்கும் என்ன மதினி வித்தியாசம்? ரெண்டும் கறுப்புத்தான்" என்றார்.

"நல்லாக் கேட்ட. இது நான் அரைப்படி கம்பு குடுத்து, ஆசைப்பட்டுக் குத்திக்கிட்டது. அது அவன் கையைப் புடிச்சு உருட்டுனது. ரெண்டும் ஒண்ணா?"

நான் படித்த எந்தப் பாடத்திலும் இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. என் தொட்டெழுதும் பேனாவை வாங்கி முதல் மூன்று பேர் முள்ளை உடைத்துவிட்டார்கள். அப்புறம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, நான் செய்த மசியிலேயே தொட்டு வரைந்தார்கள். விரலுக்கு வேண்டாமென்ற மசி குச்சிக்கு ஆகிவிட்டது. ஒருவர் கையில் மூன்று படி ஏணி. ஒருவர் கையில் கிளி. ஒருவருக்குக் கட்டம் கட்டமாகத் தேர். ஒருவருக்கு வெறும் பிறை. இடது கையைத் தரையில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து வலது கையால் காகிதத்தில் இறக்கினார்கள். வாழ்நாளில் எழுதுகோல் தொடாத கைகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிள்ளைக்கு முள் எடுப்பது போன்ற கவனத்தோடு வரைந்தார்கள். ஒவ்வொருவர் முடித்ததும் மற்றவர்கள் எட்டிப் பார்த்துக் கேலி செய்தார்கள்.

"இது கிளியா, கோழியா?"

"ஒன் மூஞ்சி மாதிரி இருக்கா, அப்பக் கோழிதான்."

அந்த மதியம் நான் ஒரு மனுவைத் தயாரித்துக்கொண்டிருந்தேன் என்பதையே மறந்துபோனேன். கோயில் சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்கள் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் அந்தக் காகிதத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக நிறைந்துகொண்டு வந்த சிறிய குறிகளைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

கடைசியில் தயிர்க்கார அக்காவின் முறை வந்தது. அவர் குச்சியை மசியில் தொட்டு எடுத்த நேரத்தில் என் பிள்ளை தவழ்ந்து போய் மசித் தகரத்தை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டான். ஓடினேன். வாயைத் துடைத்து, விரல் விட்டுத் தோண்டி, தண்ணீர் கொடுத்து, முதுகைத் தட்டி, அவன் கறுப்பு வாயோடு சிரிக்கும்வரை எனக்கு உலகம் தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது அந்த அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் தோகை விரித்த மயில் ஈரமாக இருந்தது. எல்லாவற்றிலும் அதுதான் அழகு. "நல்லா இருக்கு அக்கா" என்றேன். காகிதத்தைக் காயவைத்து மடித்தேன்.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டு முடித்தபின் என் கணவர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். இப்படிப்பட்ட குறிக்குத் தற்குறி என்று பெயர் என்றும், பழைய பத்திரங்களில் உண்டு என்றும் சொன்னார். "ஆனா ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலயும், அவங்க போட்டதைப் பார்த்தேன்னு எழுதத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். இல்லாட்டி வெறும் படம்தான்."

"ஊரில் எழுதத் தெரிந்தவர்..."

"கிராம முன்சீப்பு போடமாட்டார். நான் போடக்கூடாது. போர்டு சம்பளம்." காகிதத்தை மடித்து என் பக்கம் நகர்த்தினார். "உன்னைப் போடச் சொல்லவும் மாட்டேன். போடாதேன்னு சொல்லவும் மாட்டேன். என்னைக் கேட்காதே."

அன்று பிள்ளைக்குக் காது வலி வேறு. மசி உள்ளே போனதால் இருக்குமோ, காற்றில் தூக்கிப்போனதால் இருக்குமோ, இந்தக் காரியத்தில் இறங்கியதற்கே இது அடையாளமோ என்று என்னென்னவோ நினைத்தேன். அவன் தூங்கியபின் உட்கார்ந்து முதல் கையெழுத்தை எறும்பு அளவுக்குப் போட்டேன். அடுத்ததைக் கொஞ்சம் பெரிதாக. பத்துக்குப் பிறகு கை தானாக எழுதியது. கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரை நான் எழுதிப் பார்க்கவே சந்தர்ப்பம் இருந்ததில்லை. மயிலுக்குப் பக்கத்தில் வந்தபோது ஒரு கணம் நின்றேன். பார்த்தேனா? மற்றவர்கள் அத்தனை பேரையும் பார்த்தேன். இவர் அல்லாமல் வேறு யார் போட்டிருக்க முடியும்? எழுதிவிட்டேன்.

வைகாசியில் திருமங்கலம் தாலுகாக் கச்சேரியில் ஜமாபந்தி நடந்தது. வருடக் கணக்குப் பார்க்க வரும் மேலதிகாரியிடம் அப்போது யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். பெண்கள் விடியும் முன்பே கிளம்பி நடந்துவிட்டார்கள். நான் பிள்ளையோடு பஸ்ஸில் போனேன். உலகச் சண்டை வந்தபின் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். கைப்பிள்ளைக்காரி என்று என்னை மட்டும் உட்காரச் சொன்னார்கள். அவர்கள் நடக்க, நான் உட்கார்ந்து போவது உறுத்திக்கொண்டே இருந்தது.

கச்சேரி வராந்தாவில் குமாஸ்தா மனுவைப் பிரித்தார். "என்ன இது? மனுவா, சந்தையில விக்கிற பூப்போட்ட சீட்டித் துணியா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சிரித்தார். "கைநாட்டு வச்சுக் கொண்டாங்க, போங்க."

யாரும் நகரவில்லை. சத்தமும் போடவில்லை. வெயிலில் நின்றார்கள். அந்த அமைதிதான் அதிகாரியை எட்டிப்பார்க்க வைத்திருக்க வேண்டும். அவர் வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், நடுவயது, களைத்த முகம். காகிதத்தை வாங்கி மேஜைமேல் விரித்துப் பார்த்தார்.

"இது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் முன்னால் வந்து தன் இடது கையைக் காகிதத்துக்குப் பக்கத்தில், மேஜைமேல், வைத்தார். குமாஸ்தா தடுக்கப் போனார். அதிகாரி கையமர்த்திவிட்டுக் குனிந்தார்.

"இது நண்டா?"

"தேளு சாமி. காயிதத்துல எறக்கும்போது நண்டு மாதிரி வந்துருச்சு. குறி ஒண்ணுதான்."

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டார். அடுத்தவர் வந்தார். ஏணி. அடுத்தவர். கிளி. ஏழெட்டுப் பேரோடு, "போதும், நம்பிட்டேன்" என்றார்.

"எங்களோடதையும் பாத்துருங்க சாமி. விடியுமுன்ன கெளம்புனோம்" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் பார்த்தார். எல்லோருடையதையும் பார்த்தார். அவருக்கு வந்த காப்பியில் ஆடை படிந்தது. வெயிலிலும் சாணத்திலும் காய்த்துப்போன கைகள் ஒவ்வொன்றாக அந்த மேஜைமேல் வந்து தங்கின. ஒரு சர்க்கார் அதிகாரி ஒவ்வொன்றுக்கும் தலை குனிந்து பார்த்தார். இதே ஊர்களின் ஆண்களுடைய கைகளை எத்தனை மேஜைகளில் பிடித்து அழுத்தியிருப்பார்கள். இங்கே ஒருவர் கையையும் ஒருவரும் பிடிக்கவில்லை. அவர்களாகவே வைத்தார்கள், அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். தூணோரம் நின்றிருந்த நான், பிள்ளையும் பார்க்கட்டும் என்று அவனைத் தோளுக்குத் தூக்கிப் பிடித்தேன். இப்படி ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

கடைசியாகத் தயிர்க்கார அக்கா கையை வைத்தார். அந்தக் கையில் மயில் இல்லை. வெறும் ஐந்து புள்ளிகள் இருந்தன.

"மயில் எங்கே?" என்றார் அதிகாரி.

அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "பச்சை குத்துறவ வந்தப்ப எங்க ஆத்தா அஞ்சு புள்ளிக்குத்தான் தானியம் வச்சிருந்துச்சு சாமி. மயிலுக்கு ரெண்டு படி கேட்டா. காயிதத்துல யாரும் தானியம் கேக்கலையே, அதான் மயிலே போட்டுக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரிகூட. குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இது வேற யாரோ போட்டது. இதை அடிச்சிரலாங்களா?" என்று பேனாவை எடுத்தார்.

அந்த வரியை அடித்தால் ஒரு பையனின் பெயர் போகும். என் வாயிலிருந்து சொல் வந்துவிட்டது. "அவங்க போட்டதுதான். நான் பார்த்தேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்தையும் பார்த்தார். "நீங்கதானா? சரி. மற்றதெல்லாம் இருக்கட்டும். இந்த ஒண்ணுக்கு மட்டும் சாட்சி பிரமாணம் செய்து சொல்லணும்" என்று ஓரத்தில் எழுதினார்.

மற்றப் பிள்ளைகளின் பதிவை விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கும்படி ஆனியில் உத்தரவு வந்தது. எங்கள் தெருவரைக்கும் குலவைச் சத்தம் கேட்டது. தயிர்க்கார அக்காவின் மகன் பெயர் மட்டும் அந்த உத்தரவில் இல்லை. புரட்டாசியில் அதிகாரி உசிலம்பட்டிக்கு முகாம் வருகிறார். அதுவரைக்கும் அவனைப் பதியக் கூப்பிடாமல் வைத்திருக்கிறார்கள். அன்று நான் போய்ச் சொன்னால் அவன் பெயரையும் சேர்ப்பார்கள். பட்டறைக்காரர் தீபாவளி வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் பள்ளிக்கூட மேற்பார்வைக்கு வந்தவர் என் கணவரிடம், "உங்க வீட்டம்மாவுக்குக் கையெழுத்து ரொம்ப அழகாமே" என்று சொல்லிவிட்டுப் போனாராம். என் கணவர் அதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கேயாவது தூக்கியடித்தால் அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கும் என்றார். அவர் அப்படிச் சொன்னதே எனக்குப் பெரிது. அதனால் அது என் கவலையில் பாதிதான்.

மற்றப் பாதியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். நான் பார்க்கவில்லை. அவர் வரைந்தபோது என் கண்கள் என் பிள்ளையின் வாயில் இருந்தன. பார்த்தேன் என்று வராந்தாவில் நின்று சொன்னது வேறு. கடவுள்மேல் ஆணையிட்டுச் சொல்வது வேறு.

அந்த அக்காவிடமே உண்மையைச் சொன்னேன். தயிரை அளந்துகொண்டே கேட்டார்.

"நீ பாக்கலேன்னா என்ன தாயி, போட்டது நான்தானே?"

"அது எனக்குத் தெரியும் அக்கா. ஆனா பார்த்தியான்னு கேப்பாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் ஒண்ணு செய்யட்டா? புரட்டாசிக்குள்ள கையில மயிலைக் குத்திக்கிடுறேன். இப்ப ரெண்டு படி குடுக்க எங்கிட்ட இருக்கு. அப்புறம் ஒன்னைக் கேக்கவே மாட்டாகள்ல?"

ஐயோ, வேண்டாம், அது பொய்ச் சாட்சியம் தயாரித்ததாகிவிடும் என்று பதறித் தடுத்தேன். அவர் சரி என்று பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தடுத்தது சரியா என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தன் கையில் தான் ஆசைப்பட்ட மயிலை அவர் குத்திக்கொள்ள நான் யார் வேண்டாமென்று சொல்ல?

பெயர் ஒன்றையும் நான் எழுதாததை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களில் கச்சேரி ஏறிச் சாட்சி சொன்ன பெண்கள் இருப்பீர்கள். வக்கீல் வீட்டுப் பெண்களும் இருப்பீர்கள். குழந்தையைப் பார்க்கத் திரும்பியதால் கண்ணில் படாத ஒன்றை, நடந்தது நிச்சயம் என்று தெரியும்போது, பார்த்தேன் என்று ஆணையிடலாமா? பார்க்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்று உள்ளபடி சொன்னால் அந்த அதிகாரி ஏற்பாரா, அல்லது என் நேர்மைக்கு அந்தப் பையன் விலை கொடுக்க வேண்டி வருமா? வேறு எந்த விதமாகச் சொன்னால் பொய்யும் ஆகாமல் அவன் பெயரும் நிலைக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். புரட்டாசி பிறப்பதற்குள் கிடைக்கும்படி எழுதினால் உதவியாக இருக்கும்.